இரவல் பேச்சாளர்

நவம்பர் முடியும்போது பிரின்சிபால் அறையிலிருந்து எனக்கு அழைப்பு வரும். எதற்கென்று தெரியும். கல்லூரிகளுக்கு இடையிலான வணிக அறப் போட்டி. ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பேனரில் அச்சடித்தால் ஒரு வரியில் அடங்காது. பம்பாயில் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் கல்லூரியில் இதை ஆரம்பித்த வருஷம் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். புதிதாக வந்தவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். பிறகு எனக்கு முடி நரைத்தது, முட்டி தேய்ந்தது, எனக்குப் பின்னால் எத்தனையோ பேர் புதிதாக வந்தார்கள். இந்த வேலை மட்டும் கைமாறவே இல்லை.

போட்டி இதுதான். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் மூன்று மாணவர்கள் கொண்ட அணி வரும். காலையில் ஒட்டிய உறையைப் பிரித்து ஒரு பிரச்சினையைக் கொடுப்போம். ஒரு கம்பெனி இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறது, லாபத்தைப் பார்ப்பதா நியாயத்தைப் பார்ப்பதா, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. உட்கார்ந்து யோசித்துவிட்டு நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறத்தைப் பற்றி ஒரு நாள் பேச வைப்பதற்காக அதற்கு முன்னால் நான் அவிழ்த்துவிடும் புளுகுகளுக்குக் கணக்கில்லை. சிறப்பு விருந்தினராக ஒருவரைக் கூப்பிட்டால், வேறு யார் வருகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார். இன்னார் வருகிறார் என்பேன். அந்த இன்னாரிடம் போய், இவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்பேன். கடைசியில் இருவருமே வர மாட்டார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற யாராவது ஒரு பெரியவர் வந்து நெடுநேரம் பேசுவார்.

போன வருஷம் அரங்கமும் படுத்தியது. சனிக்கிழமைகளில் எங்கள் நிர்வாகம் அதை நடன அரங்கேற்றங்களுக்கு விட்டுவிடும். மாட்டுங்காவில் அரங்கேற்றத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைக்கும் மெகா பிளாக்கும் கூடவே வரும். பம்பாயில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள். வீட்டில் தேதியைச் சொன்னதும் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஞாயித்துக்கெழமை ஹார்பர் லைன் ஓடாதே, நோக்குத் தெரியாதா?"

"தெரியும். ஹால் கெடைக்கலை."

"அப்போ பன்வேல் பக்கத்துப் பசங்கள்லாம் நடந்து வருவாளா?"

பிரின்சிபாலிடம் இதையே கேட்டிருந்தேன். வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள் மேடம் என்று சொல்லி முடித்துவிட்டார்.

இந்தப் போட்டியில் நான் விடாப்பிடியாகக் காப்பாற்றிவரும் விதி ஒன்று உண்டு. நடத்தும் கல்லூரிக்குப் பரிசு கிடையாது. ஆரம்ப காலத்தில் ஒரு முறை எங்கள் பிள்ளைகளே முதல் பரிசு வாங்கினார்கள். நியாயமாகத்தான் வாங்கினார்கள். ஆனால் வந்திருந்த மற்ற கல்லூரி ஆசிரியர்கள் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, இலை போட்டிருந்த கூடத்தைக் கடந்து நேராக வாசலுக்குப் போய்விட்டார்கள். ஆறிப்போன அந்தச் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றைக்கே இந்த விதியை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதினேன். வந்த அணியில் ஆள் குறைந்தால் அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. எங்கள் மாணவர் ஒருவரை இரவல் கொடுக்க வேண்டும். இரவல் போகிறவர் அந்த அணிக்காக உண்மையாகப் பேசுவார், ஆனால் பரிசில் பங்கு கிடையாது.

போன வருஷம் மாணவர் பக்கத்து வேலைகளை எல்லாம் தூக்கிச் சுமந்தவள் மூன்றாம் வருஷம் படித்த ஒரு பெண். வீடு தாராவியில். அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பை தைக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குக் கீழேயே பட்டறை என்பதால் அவள் போனில் பேசும்போதெல்லாம் பின்னால் தையல் மெஷின் ஓடும். என்னிடம் தமிழில்தான் பேசுவாள். மற்றவர்களிடம் இந்தி, கோபம் வந்தால் மராத்தி. பெஞ்சு நகர்த்துவதிலிருந்து நடுவர்களுக்குச் சர்க்கரையில்லாத டீ ஏற்பாடு செய்வது வரை எதையும் இரண்டாம் முறை சொல்ல வைத்ததில்லை.

டிசம்பரில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? திட்டக்கூடாது."

"கேளு."

"இந்தத் தடவ நாங்களும் எறங்குதோமே. டீம் ரெடியா இருக்கு."

ஏன் என்று எனக்குத் தெரியும். பரிசளிக்கும் நிதிக் கம்பெனி அந்த வருஷம் புதிதாக ஒன்று சொல்லியிருந்தது. முதலில் வரும் அணியின் மூன்று பேருக்கும் பயிற்சி வேலைக்கு நேரடி நேர்காணல். எங்கள் கல்லூரிக்கு அந்த மாதிரிக் கம்பெனிகள் வருவதில்லை. வருகிறவை, வீடு வீடாகப் போய்க் கடன் அட்டை விற்க ஆள் தேடுகிறவை. இணையத்தில் விண்ணப்பம் போட்டால் எங்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் கம்பெனிக்குள் நுழைய அவளுக்கு இருந்த ஒரே கதவு, அவளே நாற்காலி போட்டு நடத்திய இந்தப் போட்டிதான்.

"விதி இருக்கேம்மா" என்றேன்.

"விதிய நீங்கதான எழுதினீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

"டீக் ஹை மேடம். டென்ஷன் எடுக்காதீங்க. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பேனர் அடிக்கிறவன் கடை மூடிவிடுவான் என்று ஓடினாள். சும்மா கேட்கவில்லை என்று இருவருக்குமே தெரியும். எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் எரிச்சலாகவே இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த ஞாயிறும் வந்தது. திலக் நகர் வீட்டிலிருந்து நான் டாக்சியில் போனேன். அரங்கத்தில் எல்லா அணிகளுக்கும் எண் கொடுத்திருந்தோம். எந்தக் கல்லூரி என்பது நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. எண்ணைச் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிடுவோம். வாசலில் அந்தப் பெண் வந்த அணிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். உறைகளைப் பிரிக்கும் நேரம் வந்தபோது ஓர் அணி மட்டும் வரவில்லை. பன்வேல் பக்கத்துக் கல்லூரி. என் கணவர் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், பல்லைக் கடித்தபடி.

கடைசி நிமிஷத்தில் இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். சட்டையெல்லாம் வேர்வை. பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடி பஸ் என்று மாறி மாறி வந்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் வழியிலேயே முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். தங்களையும் திருப்பி அனுப்பிவிடப் போகிறோம் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. இரவல் பேச்சாளர் விதியைச் சொன்னேன். பிறகு எங்கள் தொண்டர் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருவன் குனிந்து மைக் வயரைச் சரி செய்தான். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை எண்ண ஆரம்பித்தாள். இவள் மட்டும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரச்சினையை நான் இன்னும் யாருக்கும் காட்டலை. உனக்கும் தெரியாது. போறியா?" என்றேன். "பரிசு கெடையாது, தெரியுமோல்லியோ?"

"தெரியும் மேடம். எங்க சால் வீட்டு வரிசைக்கு முன்னால கிரிக்கெட் ஆடும்போது ஆள் கொறஞ்சா காமன் போடுவாங்கல்லா, ரெண்டு பக்கமும் ஆடுத ஆளு? அவன் எந்த டீம் ஜெயிச்சாலும் கப்ப தொட மாட்டான். அந்த மாதிரிதான." அட்டைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பரிசு இல்லாவிட்டால் போகிறது, பேசவாவது பேசட்டும் என்று நான் நினைத்தது உண்மை.

பிரச்சினை நான் எழுதியது. ஒரு பிஸ்கட் கம்பெனி, ஒரு தொகுதிப் பாக்கெட்டுகளில் நிலக்கடலை கலந்திருப்பதை அச்சிட மறந்துவிட்டது. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட்டால் ஆபத்து. பாக்கெட்டுகள் கடைக்குப் போய்விட்டன. இதுவரை ஒருவரும் புகார் சொல்லவில்லை. என்ன செய்வீர்கள்?

ஒவ்வோர் அணியாக வந்து பேசியது. எல்லோரும் நல்ல பிள்ளைகள், எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். வெளிப்படைத்தன்மை, நம்பகத்தன்மை, கம்பெனியின் நற்பெயர். சத்தமில்லாமல் சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், யாராவது கேட்டால் அப்போது உள்ளதைச் சொல்லலாம் என்று பாதிப் பேர். எனக்குக் கண் சொருகியது. வருஷா வருஷம் வேறு வேறு முகங்கள் இதையே பேசிக் கேட்டிருக்கிறேன்.

பன்வேல் அணி வந்தது. பையன்கள் இருவரும் கணக்கையும் சட்டத்தையும் சொன்னார்கள். முடிவுரை இவளுக்கு. தாளைப் பார்க்காமல் பேசினாள். அவள் ஆங்கிலத்தில் இந்தி வாடை அடிக்கும், அன்றைக்கும் அடித்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "கேட்பதற்கு முன்னால் சொன்னால்தான் அதற்கு உண்மை என்று பெயர். கேட்ட பிறகு சொன்னால் அது வெறும் பதில். கேட்கும்வரை காத்திருக்கிற கம்பெனி, மாட்டிக்கொள்ளும்வரை காத்திருக்கிறது." நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு வருஷத்தில் அந்த மேடையில் நான் முழுசாகக் கேட்ட பேச்சுகள் மிகக் குறைவு. அது அதில் ஒன்று.

முடிவு வந்தது. முதலில் வந்தது அந்த அணிதான்.

கம்பெனியிலிருந்து வந்திருந்த அதிகாரி மேடையேறி மூன்று பேருக்கும் கை கொடுத்தார். நீங்கள் மூவரும் அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், நேர்காணல் உங்களுக்குக் காத்திருக்கிறது என்றார். கைதட்டல். எங்கள் தொண்டர் பிள்ளைகள் விசிலடித்தார்கள். எல்லார் போனும் மேலே உயர்ந்தது. அவள் இரண்டு பையன்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நடுவர்களுக்கும் அதிகாரிக்கும் அவள் யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு கணம், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன என்று எனக்கு ஆசையாக இருந்தது. நேர்காணலுக்கு மூன்று நாற்காலி, அதில் ஒன்று காலியாகத்தானே இருக்கப்போகிறது. இந்தப் பெண் போய் உட்கார்ந்தால் யார் குடி முழுகிவிடும்?

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்திருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை பிடிக்கிறவர். காலையில் அவருக்கு அட்டை மாட்டிவிட்டவளே இவள்தான். மேடையைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார், கையைத் தூக்கப்போகிறார். அவர் கேட்டுவிட்டால் முடிந்தது. பிறகு நாங்கள் சொல்வதெல்லாம் வெறும் பதில். அவள் சொன்ன வாக்கியமே என் காதில் ஓடியது. நான் மைக்குக்குப் போய்ப் பேசிவிட்டேன். இந்த அணியில் மூன்றாவதாகப் பேசியவர் எங்கள் கல்லூரி மாணவி, ஆள் குறைந்ததால் விதிப்படி இரவல் கொடுத்தோம், பரிசும் நேர்காணலும் மற்ற இருவருக்கு மட்டும் என்றேன்.

அதிகாரி கொஞ்சம் வழிந்து சிரித்தார். அந்தப் பெண் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேராசிரியர் உட்பட எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதிகாரி கிளம்பும்போது வாசல்வரை கூடவே போனேன். விதி விதிதான், ஆனால் பேச்சைக் கேட்டீர்களே, அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்களேன் என்று மெதுவாகச் சொன்னேன். எனக்கு இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் சிரித்தார். "வணிக அறப் போட்டியிலேயே சிபாரிசா மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்று காரில் ஏறினார். நாள் பூராவும் நின்று வீங்கிப்போன காலோடு நான் அந்தக் கார் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அரங்கம் காலியான பிறகு அவளும் நானும் பேனரைக் கழற்றிச் சுருட்டினோம். அவள் போன் அடித்தது. தொண்டர் பிள்ளைகள் மேடைப் போட்டோவை அதற்குள் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"ஆமாம்மா, ஜெயிச்சோம்" என்றாள். "இல்ல, பிரைஸ் எனக்கில்ல. அய்ய, வாங்காதீங்க ஒண்ணும். வந்து சொல்லுதேன், வைங்க."

போனை வைத்துவிட்டு பேனரின் அந்த முனையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"நானே சொல்லத்தான் வந்தேன் மேடம்."

"எதை?"

"நான் இந்தக் காலேஜுன்னு. மைக்குப் பக்கம் திரும்பிட்டேன். நீங்க முந்திட்டீங்க."

"யார் சொன்னா என்னம்மா? சொல்ல வேண்டியதுதானே? அவர் எழுந்துட்டார், பாத்தியோ இல்லியோ?"

"பாத்தேன். அதுக்குள்ள சொல்லிருப்பேன்." குரல் உயரவில்லை. "இப்ப எல்லாவனும், நான் கமுக்கமா நின்னு வாங்கிட்டுப் போகப் பாத்தேன்னுல்லா நெனைப்பான். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம் மேடம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதமாக நாய் மாதிரி அலைந்துவிட்டு, கடைசியில் இதையும் கேட்க வேண்டுமா என்று இருந்தது. நேரம் ஆயிடுத்து, கிளம்பு என்று மட்டும் சொன்னேன். அவள் பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. விதியைப் பற்றி எல்லோரும் பேசினோம். அவள் எப்படிப் பேசினாள் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட. போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கல்லூரி விஷயம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். அன்று என்னவோ தமிழில் வந்தது. இவ்வளவு வருஷத்தில் நான் கேட்ட நல்ல பேச்சு உன்னுடையது, முதல் பரிசு உனக்குத்தான் வந்தது, வாங்கிக்கொள்ள முடியாமல் போனது என் விதியால் என்று எழுதினேன். நீயே சொல்லியிருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்றும் எழுதினேன். சந்தேகம் இருந்ததா இல்லையா என்று நின்று யோசிக்கவில்லை. அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை திலக் நகர் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அவள் குரலில் பதில் வந்திருந்தது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்கணும்னா எழுத்துக் கூட்டணும். அவ்வளவு பெருசா அனுப்பிட்டீங்க. அதான் அப்பாட்ட குடுத்தேன். மெஷின நிறுத்திட்டு சத்தமாப் படிச்சாவ. நல்லாப் பேசினேன்னு எழுதியிருந்தீங்கல்லா, அத மட்டும் ரெண்டாவது தடவ படிச்சாவ. தேங்க்ஸ் மேடம்."

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் மெஷின் சத்தம். பிறகு மறுபடியும் அவள் குரல், முன்னைவிட மெதுவாக.

"கடைசி வரியப் படிச்சுட்டு கேட்டாவ மேடம், நெசமாச் சொல்லுளா, நீயே சொல்லியிருப்பியான்னு. சொல்லியிருப்பேன்னுதான் சொன்னேன். அப்பா மறுபடி மெஷின்ல உக்காந்துட்டாவ."

ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் மைக்கில் சொன்னது சரிதான். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவள் சொல்லியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது. அவளுக்காவது தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் நான் பேசிவிட்டேன்.